முட்டுக்குள்ளே சுண்ணாம்பு: வாசகர் கேள்விகள், அண்ணாச்சி பதில்கள்

சென்ற இதழில், யூரிக் ஆசிட் மூட்டில் கிரிஸ்டலாகப் படிந்து கவுட் என்ற வீக்கத்தைக் கொடுப்பது பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி "அப்போ கால்சியம்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்த பேதாலஜிக்காரன், அதாவது ஆளைப் பார்க்காமல் ஆளுடைய ரத்தத்தையும் நீரையும் சதையையும் மட்டும் பார்த்தே வயதானவன். மருந்துச் சீட்டு என்னிடம் கேட்காதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேளுங்கள், சொல்லுதேன்.

அம்மாவுக்கு 74 வயது. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வலது முட்டு வீங்கி, தொட்டால் சுடுகிறது, காய்ச்சல் வேறு. யூரிக் ஆசிட் சரியாகத்தான் இருந்தது. ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்து "கால்சியம் கிரிஸ்டல்" என்றார்கள். அன்றிலிருந்து பாலையும் கேப்பைக் கூழையும் நிறுத்திவிட்டோம். சரிதானே அண்ணாச்சி? – வாசகி, அம்பாசமுத்திரம்

முதலில் அம்மாவுக்கு ஒரு டம்ளர் பாலைக் கொடுங்கள், பாவம்.

நம் உடம்பில் இருக்கிற கால்சியம் சுமார் ஒரு கிலோ. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. ரத்தத்தில் ஓடுகிற மிச்சக் கொஞ்சத்தை, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற பாராதைராய்டு சுரப்பிகள் கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் பாலை நிறுத்தினால் ரத்தத்தில் கால்சியம் குறையாது, குறைய விடாமல் எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். 74 வயது எலும்பில் போய் அப்படிக் கை வைக்க வேண்டுமா?

முட்டில் சேர்ந்தது நேற்றுக் குடித்த பால் இல்லை. குருத்தெலும்பில் இருக்கிற செல்கள் பைரோபாஸ்பேட் என்ற உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அளவாக இருக்கும்போது அது கண்ட இடத்தில் சுண்ணாம்பு கட்டாமல் தடுக்கிற நல்ல சரக்கு, பல்லில் காரை பிடிக்காமல் இருக்க சில டூத்பேஸ்ட்டுகளில்கூட அதைச் சேர்க்கிறார்கள். வயதாக ஆக அது குருத்தெலும்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால், தானே கால்சியத்தோடு கை கோத்துக்கொண்டு கால்சியம் பைரோபாஸ்பேட் என்ற கிரிஸ்டலாக உறைகிறது. அறுபது வயதுக்குக் கீழே இது அபூர்வம். அப்படி வந்தால் பாராதைராய்டு, இரும்புச் சத்து, மெக்னீசியம் மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள்.

இந்தக் கிரிஸ்டல் குருத்தெலும்புக்குள் வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கும். எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும், ஆளுக்கு ஒரு வலியும் இருக்காது. ஆபரேஷன், பெரிய காய்ச்சல், அடிபட்டது என்று உடம்பு ஒரு உலுக்கு உலுக்கப்படும்போதுதான் கொஞ்சம் உதிர்ந்து மூட்டு நீருக்குள் விழுகிறது. அங்கே காவல் இருக்கிற செல்கள் அதைப் பார்த்ததும் ஆரம்பிப்பதுதான் உங்கள் அம்மாவின் மூன்றாம் நாள்.

ஊசி போட்டு நீர் எடுத்தார்களே, அதைச் செய்தவருக்கு என் சார்பில் ஒரு கும்பிடு. பல இடங்களில் முட்டைப் பார்த்ததும் யூரிக் ஆசிட் மாத்திரை எழுதிவிடுவார்கள், இந்தக் கிரிஸ்டலுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. நல்ல மூட்டு நீர் எப்படி இருக்கும் தெரியுமா? கையுறை போட்ட கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்து மெதுவாக விரித்தால் அல்வாக்காரர் பாகு பார்ப்பதுபோல் கம்பி இழுக்கும். அழற்சி வந்த மூட்டின் நீர் கம்பி விடாது, கலங்கிய கழுநீர் மாதிரி சொட்டென்று விழுந்துவிடும். அதை ஒரு துளி கண்ணாடியில் வைத்து, போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்த்தால் கவுட் கிரிஸ்டல் ஊசி ஊசியாகப் பளிச்சென்று மின்னும். உங்கள் அம்மாவுடையது அப்படி மின்னாது. மங்கலாக, குட்டையாக, டைமன் கற்கண்டுச் சில் மாதிரி சாய்சதுரமாக இருக்கும், அவசரக்காரன் கண்ணில் படாமலே போய்விடும். பல சில்லுகள் வெளியே தனியாகக் கிடக்காமல் ஒரு வெள்ளை அணுவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போக மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். சீழ் பிடித்த மூட்டும் இதே மாதிரிதான் வீங்கும், சுடும், காய்ச்சல் வரும். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கிரிஸ்டல் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் சார். கிருமி என்றால் அதன் உடம்பில் அடையாளம் இருக்கும், செல்கள் பிடித்துக்கொள்ளும். கிரிஸ்டல் உயிரே இல்லாத கல். அதை எதிரி என்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? – மாணவி, பாளையங்கோட்டை

நல்ல கேள்வி. இதற்கு ஒழுங்கான பதில் 2006இல்தான் வந்தது.

முதலில் கதையைக் கேளம்மா. 1882இல் மெச்னிகாஃப் என்ற ருஷ்யர் இத்தாலியின் மெசினாவில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டம் கூடி நிற்கின்றன. முள்ளும் உயிரில்லாத பொருள்தானே! விழுங்கு செல் என்ற எண்ணமே அங்கேதான் உறுதிப்பட்டது, 1908இல் நோபல் பரிசும் கிடைத்தது. அப்புறம் 1962இல் அமெரிக்காவில் ஃபேர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரண்டு டாக்டர்கள் கவுட்டில் வருகிற யூரேட் கிரிஸ்டலைத் தங்கள் முட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் இரண்டு பேரும் வலி தாங்காமல் துடித்தார்கள். கல் மட்டுமே போதும், கிருமி வேண்டாம் என்று சொந்த உடம்பில் காட்டியாயிற்று. உன் பாடத்தில் வருகிற கால்சியம் பைரோபாஸ்பேட்டையும் அதே வருஷம் அடையாளம் காட்டியது அந்த மெக்கார்ட்டியின் குழுதான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் கிரிஸ்டலை அடையாளம் பார்த்து எடுப்பதில்லை, தட்டுப்பட்டது என்று விழுங்குகிறது. விழுங்கியதை லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் போட்டு அரைக்கப் பார்க்கிறது. பாக்டீரியா என்றால் கரைந்திருக்கும். இது கல். முனை குத்தி, பையில் உப்பு நிறைந்து வீங்கி, பையே கிழிகிறது. உள்ளிருந்த நொதி சிந்துகிறது, செல்லின் பொட்டாசியம் வெளியே ஒழுகுகிறது. செல்லுக்குள் NLRP3 என்று ஆங்கில எழுத்தில் எழுதுவார்களே, அந்த என்.எல்.ஆர்.பி.3 புரதம் கவனித்துக்கொண்டிருப்பது கல்லை இல்லை, இந்தச் சேதாரத்தை. வீட்டுக்குள் வந்தவன் யார் என்று அதற்குத் தெரியாது, பானை உடைந்த சத்தம் கேட்டதும் கூப்பாடு போடும், அவ்வளவுதான். அது மற்றப் புரதங்களைக் கூட்டி இன்ஃப்ளமசோம் என்ற சக்கரமாக நிற்க, அந்தச் சக்கரம் காஸ்பேஸ் 1 என்ற கத்தரியை எழுப்ப, கத்தரி இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிச் செய்திக்காரனை வெட்டித் தயாராக்க, அது வெளியே போய் ரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டும் பசையாக்கி நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது. நல்ல மூட்டு நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200க்குக் கீழே இருந்த வெள்ளை அணு 20,000, 30,000 என்று ஏறிவிடும். யூரேட், கால்சியம் பைரோபாஸ்பேட் இரண்டுமே இந்த வழியாகத்தான் கிளப்பிவிடுகின்றன என்று 2006இல் காட்டியவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் சோப் நடத்திய ஆய்வுக்கூடத்தார்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இந்தத் துப்பாக்கிக்கு முதலில் குண்டு போட வேண்டும், பிறகுதான் சுடும். வேறு ஏதாவது அழற்சிச் செய்தி முதலில் வந்து இன்டர்லூக்கின் 1இன் கச்சாச் சரக்கைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். மேலே அம்பாசமுத்திரத்து அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்ததும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எலும்பில் இருக்கிற ஹைட்ராக்ஸி அபடைட் வகைக் கால்சியம் பாஸ்பேட் துகள்களுக்கும் இதே கதைதானா என்று கேட்டால், அதில் ஆய்வுக்காரர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. சிலருக்கு இதே சக்கரம் தெரிகிறது, சிலருக்கு அது இல்லாமலே வீக்கம் வருகிறது. அளவு முக்கியம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஒரு மைக்ரானை ஒட்டிய பொடித் துகள்தான் மேக்ரோஃபேஜை அதிகம் உசுப்பிவிடுகிறது. அதே சரக்கைச் செயற்கை இடுப்பு மூட்டின் மேல் பூசி வைத்தால் உடம்பு சொந்த எலும்பு என்று ஒட்டிக்கொள்கிறது. இன்னும் ஒன்று சொன்னால் சிரிப்பாய். எலும்பைத் தினமும் அமிலம் விட்டுக் கரைத்துப் புதுப்பிக்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் யார் என்கிறாய்? இந்த மேக்ரோஃபேஜுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மோனோசைட் என்ற வெள்ளை அணுவின் ஒரே வம்சம், கால்சியத்தைக் கரைப்பதே அதன் குலத்தொழில்.

தறி ஓட்டுகிறேன். ராத்திரி ஒரு மணிக்கு வலது தோள்பட்டையில் வெட்டியது போல வலி. ஸ்கேனில் தசைநாரில் சுண்ணாம்பு இருக்கிறது, கரைய ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். கரைந்தால் வலி குறையத்தானே வேண்டும்? – வாசகர், சங்கரன்கோவில்

எனக்கும் வந்தது அண்ணாச்சி, ஐம்பத்திரண்டு வயதில். சட்டைக் கையை நுழைக்க முடியாமல் நான்கு நாள் வேட்டியும் துண்டுமாக வீட்டிலேயே கிடந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்பே வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அந்தச் சுண்ணாம்பு இருந்திருக்கிறது, எழுதிக் கொடுத்தவர் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன்.

தோளின் தசைநாரில் சுண்ணாம்பு கட்டிச் சாக்பீஸ் மாதிரி இறுகிக் கிடக்கும்போது பெரும்பாலும் லேசான உறுத்தல்தான். ஒருநாள் உடம்பே அதை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறது. அதைச் சுற்றிப் புதிய ரத்தக் குழாய் முளைக்கிறது, மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன, பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து ராட்சதச் செல்லாகித் தின்ன ஆரம்பிக்கின்றன. சாக்பீஸ் டூத்பேஸ்ட் பதத்துக்கு இளகி வீங்குகிறது. உயிர் போகிற வலி வருவது அப்போதுதான். சுத்தம் பண்ண வந்தவர்கள் போடுகிற கூச்சல் அது. ஆகவே கரைகிறது என்பது நல்ல செய்தி, வலிப்பதும் அதனால்தான். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் கழுவி எடுக்கிற வழி இருக்கிறது. தைலம் போட்டு யாரையும் அழுத்தி உருவ விடாதீர்கள்.

எங்கள் ஆச்சி நாளைக்குப் பத்து தடவை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போடுகிறார்கள். அதுதான் மூட்டில் போய் உட்காருகிறது என்று எங்கள் மைனி சொல்கிறார்கள். – வாசகர், கல்லிடைக்குறிச்சி

இல்லை. வயிற்று அமிலத்தில் அது கரைந்துவிடும், முட்டுக்கு நேர் வழி கிடையாது. ஆனால் மைனியை ஜெயித்த சந்தோஷத்தில் இருந்துவிடாதீர்கள். ஆச்சி பாக்கும் சேர்த்துத்தானே போடுகிறார்கள்? பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004லேயே வகைப்படுத்திவிட்டது, சுண்ணாம்பின் காரம் அந்த வேலையை இன்னும் சுளுவாக்குகிறது. முட்டு கிடக்கட்டும், ஆச்சியின் கன்னத்து உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். எனக்கு இரண்டு முறை கல்லடைப்பு வந்துவிட்டது. தண்ணீரின் கால்சியத்தால்தானே? – வாசகர், ராதாபுரம் பக்கம்

உங்கள் ஊர் வெயிலில் கல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். படிகிற வெள்ளையைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறீர்களோ என்பதுதான் என் கவலை. சிறுநீரகக் கல்லில் ஐந்தில் நான்கு கால்சியக் கல்தான், அதிலும் பெரும்பங்கு கால்சியம் ஆக்சலேட். கேட்டால் கால்சியத்தை விட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் சாப்பாட்டோடு போகிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியத்தை விட்டால் ஆக்சலேட் தட்டிக்கேட்க ஆளில்லாமல் ரத்தத்துக்குள் நுழைந்து சிறுநீரகத்துக்குப் போகும். இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருஷம் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் கறியையும் குறைத்தவர்களுக்குத்தான் மறுபடி கல் வந்தது குறைவு. ஆகவே மோர் குடியுங்கள், அதில் உப்பை அள்ளிப் போடாதீர்கள், கருவாட்டைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகட்டும்.

செல்கள் இங்கே என்ன செய்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல் நகரும்போது வருகிற அந்தப் புரட்டி எடுக்கிற வலிக்கும் செல்களுக்கும் பெரிய சம்பந்தமில்லை, அது குழாய் அடைபட்டு நீர் தேங்குகிற வலி. ஆனால் ஆக்சலேட் திடீரென்று ஏராளமாக வந்து சிறுநீரகம் முழுக்கப் பொடிக் கிரிஸ்டலாக இறைந்தால், மேலே நர்சிங் பிள்ளைக்குச் சொன்ன அதே சக்கரம் அங்கேயும் சுற்றும். எலிகளில் 2013இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று இரும்பன் புளியை, நம் பக்கம் பிலிம்பிக்காய் என்கிறோமே, அதைப் பிழிந்து கெட்டிச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். மீன் குழம்பில் நாலு காய் போடுவது வேறு, டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு.

தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடத்தில் வேலை பார்த்தேன், இப்போது கருங்கல் கிரஷரில். எந்தத் தூசி மோசம்? – வாசகர், கங்கைகொண்டான்

இப்போது இருப்பதுதான். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட். நுரையீரல் மேக்ரோஃபேஜ் விழுங்கினால் அதன் அமிலப் பையில் எலுமிச்சம்பழச் சாற்றில் போட்ட சோடா மாதிரி கரைந்துவிடும். இருமல், கண் எரிச்சல் எல்லாம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. கருங்கல்லில் இருக்கிற சிலிக்கா கரையவே கரையாது. விழுங்கிய செல் பை கிழிந்து சாகும், சிலிக்கா வெளியே விழும், அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். நீங்கள் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இது நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் தழும்பாகிக்கொண்டே போகும். சுண்ணாம்புக்கல்லிலும் சிலிக்கா கலந்து வரலாம், அதனால் அங்கேயும் மூக்கை மூடாமல் நிற்கக் கூடாது. துண்டு கட்டினால் போதாது, என்95 வேண்டும். கல்லில் தண்ணீர் அடித்துவிட்டு உடைக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அம்மாவுக்கு முட்டுக்குக் கொடுத்த கால்ச்சிசின் மாத்திரை செங்காந்தளில் இருந்து வருகிறதாமே. வேலியில் ஏராளமாகக் கிடக்கிறது, கிழங்கை அரைத்துப் பற்றுப் போடலாமா? – அதே வாசகி, அம்பாசமுத்திரம்

ஐயோ, வேண்டவே வேண்டாம். உண்மைதான், நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். செல்லுக்குள் சாமான்களை இழுத்துப்போகத் தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள் இருக்கும், அவற்றை இந்த மருந்து கட்டவிடாமல் செய்யும். நியூட்ரோஃபில் ஓடி வர முடியாது, அந்த இன்ஃப்ளமசோம் சக்கரமும் சரியாகக் கூடாது. கிரிஸ்டலை அது கரைப்பதில்லை, சண்டைக்கு வருகிற கூட்டத்தை வழியில் நிறுத்துகிறது. ஆனால் அதே தண்டவாளம் குடல் செல்லுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் வேண்டும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. அந்தக் கலப்பைக்கிழங்கைத் தின்று செத்தவர்களின் சதைத் துண்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன, அதற்கு மேல் விவரிக்க விருப்பமில்லை. மாத்திரையை டாக்டர் எழுதிய அளவில் கொடுங்கள். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, நடுவில் வேறு யாராவது ஆன்டிபயாடிக் எழுதினாலோ இந்த மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிழங்கு வேலியிலேயே இருக்கட்டும், பூ அழகாகத்தான் இருக்கிறது.

வேலைக்கான மெடிக்கலில் எக்ஸ்ரே எடுத்தபோது நெஞ்சில் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று இருக்கிறது என்றார்கள். கால்சியம் மாத்திரை சாப்பிட்டதாலா? – வாசகர், மேலப்பாளையம்

மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் நாட்டில் அப்படி ஒற்றைப் புள்ளி என்றால் பெரும்பாலும் எப்போதோ உள்ளே வந்த காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ்கள் சுற்றி நின்று அடைத்து, நடுவில் செத்துப்போன சதையில் பிற்பாடு கால்சியம் படிந்த இடம். சின்ன வயதில் வந்திருக்கலாம், உங்களுக்கே தெரியாமல் முடிந்திருக்கலாம். பழைய எக்ஸ்ரே வீட்டில் பீரோவுக்கு மேல் எங்காவது கிடந்தால் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்கு ஒரு நிமிஷ வேலை.